மெரினா இருக்கு, படகு கட்ட இடம்தான் இல்லை!

சென்னையில் ஒருவர் பாய்மரப் படகு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கப்பல் அல்ல. இரண்டு பேர் ஏறி உட்காருகிற சின்னப் படகு. காசு கொடுத்தாயிற்று. லாரியில் வந்து இறங்கியும் விட்டது.

எங்கே நிறுத்துவார்?

வேறெங்கே, மெரினாவில்தான் என்று பதில் வரும். மெரினாவில் சுண்டல் உண்டு. பஜ்ஜி உண்டு. குதிரை சவாரி உண்டு. பாய்மரப் படகைக் கட்டிப்போட ஒரு துறை கிடையாது!

இதில் ஒரு வேடிக்கை. இன்றைக்கு வெளிநாட்டுத் துறைமுக ஊர்களில் இறங்கி "மெரினா எங்கே?" என்று கேட்டால், படகுகள் வரிசையாகக் கட்டி நிற்கிற துறையைத்தான் காட்டுவார்கள். இத்தாலிக்காரர் பாஷையில் மெரினா என்றால் கடலோரம். 1881 முதல் 1886 வரை சென்னை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் துரை, சிசிலித் தீவின் ஞாபகத்தில் நம் கடற்கரைக்கு அந்தப் பெயரை வைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் உல்லாசப் படகுத் துறைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரெல்லாம் மெரினா என்றால் படகு. நம்மூரில் மெரினா என்றால் மணல்.

"இதுல எனக்கென்ன சார்? பல்லாவரத்துலேர்ந்து பாரிமுனைக்கு தினம் ரயில்ல வர்றவன் நான். பணக்காரன் படகு எங்க நின்னா எனக்கென்ன?" என்று ஒரு குமாஸ்தா கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் படகு நிறுத்த இடம் தேடுகிற வரிசையில் பணக்காரர் மட்டும் நிற்கவில்லை. காசிமேட்டுக்காரரும் நொச்சிக்குப்பத்துக்காரரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, சோறு.

ரயில் போகிற வழி, அன்று படகு போன வழி

தினமும் ரயிலில் போகிறவர்கள் பேசின் பிரிட்ஜ் என்கிற பெயரை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். "பேசின்" என்றால் என்ன? பக்கிங்காம் கால்வாயில் வந்த படகுகள் ஒதுங்கி நின்று சரக்கு இறக்கிய தண்ணீர்த் தொட்டி அது. அதன் மேல் பாலம். பாலத்தின் பெயரில் ஸ்டேஷன்.

ஆந்திராவிலிருந்து விறகும் உப்பும் தானியமும் அந்தக் கால்வாய் வழியாகத் தோணியில் வந்தன. அந்தத் தோணிகளும் பாய் கட்டி ஓடியவைதான். காற்று இல்லாத நாளில் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள், அல்லது கழி போட்டுத் தள்ளுவார்கள். 1960-களின் நடுவில் அடித்த புயல்களோடு அந்தப் போக்குவரத்து படுத்துவிட்டது. பிறகு கால்வாயில் சாக்கடை ஓடியது. 1990-களில் கால்வாய்க்குள்ளேயே தூண்கள் எழும்பின. மேலே பறக்கும் ரயில் ஓடுகிறது. திருவல்லிக்கேணியில் ஏறி மயிலாப்பூரில் இறங்குகிறவர், ஒரு காலத்துப் படகுப் பாதைக்கு மேலேதான் பிரயாணம் செய்கிறார்.

ரயில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் பட்டணத்தில் படகுக்கென்று இருந்த இடம் ஒவ்வொன்றாக எப்படிக் கைமாறியது என்பதற்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

ஆட்டோவை விடச் சின்னது!

பாய்மரப் படகு என்றதும் சினிமாவில் வருகிற வெள்ளைக் கப்பல் கண்ணுக்குள் வருகிறது. அது வேறு ஜாதி. அடியில் பாரமான கத்தி போல ஒன்று இறங்கியிருக்கும். அதற்கு ஆழமான தண்ணீர் வேண்டும். கரையில் இழுத்துப் போட முடியாது. அலை தொடாத துறை வேண்டும்.

போட்டிகளில் ஓடுகிற சின்னப் படகுகள் அப்படி இல்லை. பிள்ளைகள் பழகுகிற ஆப்டிமிஸ்ட் என்கிற படகின் நீளம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. எடை 35 கிலோ. ஒரு மூட்டை அரிசியை விடக் கொஞ்சம் கூட! நிறுத்தினால் ஆட்டோ ரிக்ஷாவை விடக் குறைந்த இடம் பிடிக்கும். 1947-ல் அமெரிக்காவில், பிளைவுட் பலகையை வைத்துக் குறைந்த செலவில் பிள்ளைகளுக்காகச் செய்த படகு அது. பெரியவர்கள் ஓட்டுகிற லேசர் படகின் நீளம் 4.23 மீட்டர். பழைய அம்பாசடர் கார் ஏறக்குறைய அதே நீளம்.

அம்பாசடர் கார் நிறுத்த இடம் கிடைக்கிற ஊரில் அந்தப் படகுக்கு இடம் இல்லையா என்று கேட்பீர்கள். கடையிலும் வீட்டிலும் நிறுத்தலாம். தண்ணீருக்கு எப்படிக் கொண்டுபோவது? அங்கேதான் சிக்கல்.

சென்னைக் கடற்கரையில் அலை கரைக்குப் பக்கத்திலேயே உடைகிறது. அந்தக் காலத்தில் வந்த வெள்ளைக்காரக் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். துரைமார்கள் தொப்பலாக நனைந்துதான் இந்த ஊரில் கால் வைத்தார்கள். கட்டுமரம் மட்டும் அந்த அலையைச் சட்டை செய்யாது. நடுவில் தண்ணீர் புகுந்தால் இடுக்கு வழியாகத் தானே வடிந்துவிடும்.

பாய்மரம் பழகுகிற பிள்ளையை அந்த அலையில் இறக்க முடியுமா? முடியாது. அமைதியான தண்ணீர் வேண்டும். அது சென்னையில் இருப்பது துறைமுகச் சுவருக்கு உள்ளே.

ஒரே வாசல்

துறைமுகத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் துரை காலத்தில், 1911-ல், மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியது. இன்றைக்கும் துறைமுக வளாகத்தில்தான் அது இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் அதே துறைமுகத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது.

இந்த ஊர்ப் பிள்ளைகள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. நேத்ரா குமணன் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவிலும் ஓட்டினார், 2024-ல் பாரிஸ் போட்டியிலும் ஓட்டினார். கணபதி, வருண் தக்கர் ஜோடி 2018 ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கி, டோக்கியோவுக்கும் போனது. எல்லாம் சென்னைச் சரக்கு! ஆனால் நேத்ரா நீண்ட காலம் பயிற்சி எடுத்தது எங்கே? ஸ்பெயின் நாட்டுக்காரர்களின் கிரான் கனேரியா தீவில்.

துறைமுகம் என்பது பாதுகாக்கப்பட்ட இடம். கேட்டில் காவல் உண்டு, பாஸ் உண்டு. 2008-ல் பம்பாய்க்குள் கடல் வழியாகப் பயங்கரவாதிகள் வந்து இறங்கிய பிறகு, கடலோரக் காவல் நாடு முழுவதும் இறுகியது. இறுகத்தான் வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஊரின் பாய்மரம் பூராவும் ஒரே வாசலுக்குப் பின்னால் இருந்தால், கிளப்புக்குப் பழக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை சுலபமாக உள்ளே போகும். ராயபுரத்துச் சந்தில் இருக்கிற பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாசலுக்கும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் தூரம் நடந்து போகிற தூரம்தான்!

வாங்குவதை விட நிறுத்துவது கஷ்டம்

இது சென்னைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. வெளிநாடுகளில் படகு வைத்திருப்பவர்கள் புலம்புவதும் இதைத்தான். அங்கே துறை வாடகை படகின் நீளத்தை அளந்து போடுவார்கள். அடி கூடினால் காசு கூடும். மிதக்கிற மேடையில், குழாயும் கரண்டும் பக்கத்தில் இருக்க, படகைக் கட்டினால் அதிக வாடகை. நடுத் தண்ணீரில் மிதவைக்குக் கட்டிவிட்டுத் துடுப்புப் படகில் கரைக்கு வந்தால் குறைவு. கரையில் ஏற்றி ஸ்டாண்டில் வைத்தால் இன்னும் குறைவு. தண்ணீரிலேயே நிற்கிற படகுக்கு இன்னொரு தண்டச் செலவு: அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டும், சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

லண்டன் கால்வாய்களில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் படகிலேயே குடித்தனம் செய்கிறவர்கள் உண்டு. நிரந்தரத் துறை இல்லாதவர்கள் ஒரே இடத்தில் 14 நாளைக்கு மேல் நிற்கக் கூடாது என்று சட்டம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வீட்டையே ஓட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். நம்மூர் வீட்டுக்காரர்கள் தேவலை.

நம் நாட்டில் கொச்சியில், போல்காட்டித் தீவில், கேரளச் சுற்றுலாக் கழகத்தின் மெரினா ஒன்று இருக்கிறது. உலகம் சுற்றுகிற பாய்மரக்காரர்கள் அங்கே ஒதுங்குவார்கள். பம்பாயில் கேட்வே எதிரே நங்கூரம் போட்டு நிற்பவை, மழைக்காலம் வந்தால் கரையேற வேண்டும்.

மணல்தான் ஏழையின் துறைமுகம்

இப்போது மீனவர் கதைக்கு வருவோம். அதுதான் பெரிய கதை.

மீனவருக்குத் துறை வாடகை கிடையாது. கரை மணலில் இழுத்துப் போட்டால் அதுதான் துறை. கட்டுமரமாக இருந்தவரைக்கும் நாலு பேர் சேர்ந்தால் போதும். கட்டையைப் பிரித்துக்கூடப் போட்டுவிடலாம். பைபர் படகு வந்தது. அதன் பின்னால் எஞ்சின் வந்தது. பாய் மடித்து வைக்கப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு கொடுத்த உதவியில் பைபர் படகுகள் இன்னும் பெருகின. பைபர் படகைப் பிரிக்க முடியாது. பக்கத்தில் வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் இடம் வேண்டும். படகு பெருத்தது, இடம் பெருக்கவில்லை.

பெருக்கவில்லை என்பதுகூடச் சரி இல்லை. வடசென்னையில் இடம் கரைந்தே போய்விட்டது!

செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1870-களில் தொடங்கியது. 1881 புயல், எழுப்பிய சுவரைச் சின்னாபின்னமாக்கியது. மறுபடி கட்டினார்கள். இந்தக் கடலோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். கடலுக்குள் நீட்டிய சுவர் அந்த மணலைத் தடுத்தது. தெற்கே தங்கிய மணல்தான் இன்று நாம் காற்று வாங்குகிற அகலமான மெரினா. வடக்கே மணல் வரத்து நின்றது. அலை மட்டும் நிற்கவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. வீடுகள் போயின. கோயில்கள் போயின. கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். தூண்டில் வளைவுகள் போட்டார்கள்.

கல்லுச் சுவர் வீட்டைக் காப்பாற்றும். படகைக் கல்லின் மேல் இழுத்துப் போட முடியுமா? மெரினாவில் உட்கார்ந்து கடலை கொறிக்கிறோமே, அந்த மணலில் ஒரு பங்கு வடசென்னை மீனவர் படகு நிறுத்த வேண்டிய மணல்.

காசிமேட்டில் தண்ணீரே தெரியாது

அந்தப் பக்கத்துப் பெரிய படகுகளுக்கெல்லாம் அடைக்கலம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். 1980-களில் வந்தது. அப்போது போட்ட கணக்கு வேறு. இன்றைக்கு நிற்கிற படகு வேறு.

கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் 15-க்குப் பிறகு போக வேண்டும். மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள். 2017 முதல் 61 நாள். ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எல்லாம் ஒரே நேரத்தில் ஊர் திரும்பிவிடும். அணியமும் அமரமும் இடிக்க, பழைய டயரைத் தொங்கவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்குத் தாவித் தாவியே கடைசிப் படகுக்குப் போகலாம். பழுது பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் அந்த இரண்டு மாதத்தில்தான். கரையேற்றுகிற இடத்துக்கு அடிபிடி.

தடைக்காலத்தில் வெறும் தொந்தரவு. புயல் வந்தால் ஆபத்து. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் பெரிய கப்பல்களை நடுக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜெட்டியில் மோதுவதை விடக் கடலில் தாக்குப் பிடிப்பது மேல். விசைப்படகு எங்கே போகும்? நெருக்கத்தில் கட்டிய படகுகளுக்கு எதிரி காற்று மட்டுமல்ல, பக்கத்துப் படகும்தான். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன, மூழ்கின. இடம் தாராளமாக இருந்திருந்தால் அதில் எத்தனையோ தப்பியிருக்கும்.

திருவொற்றியூர் குப்பத்தில் 200 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டி, 2025-ல் திறந்தார்கள். காசிமேட்டு நெருக்கடியைக் குறைப்பதும் அதன் நோக்கம். நல்ல காரியம். ஆனால் அது ஆழ்கடலுக்குப் போகிற பெரிய படகுகளை மனதில் வைத்துக் கட்டியது. மணலை இழந்த பைபர் படகுக்காரருக்குத் துறைமுகம் வேண்டாம்; மணல்தான் வேண்டும், அல்லது அதற்கு ஈடான சரிவு மேடை வேண்டும்.

கடலே இல்லாத ஊர் ஜெயித்த கதை

2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் பாய்மரத்தில் வெள்ளி வாங்கினார் நேஹா தாக்கூர். வயது 17. விவசாயி மகள். மத்தியப் பிரதேசத்து தேவாஸ் ஜில்லாக்காரர். அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது! போபாலில் ஏரிக்கரையில் பாய்மரப் பள்ளி இருக்கிறது. படகும் அங்கேயே, தண்ணீரும் அங்கேயே.

ஐதராபாத்திலும் கடல் இல்லை. உசேன் சாகர் ஏரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பாய்மரம் பழகித் தேசியப் போட்டிகளில் மெடல் வாங்குகிறார்கள்.

இங்கே என்னடாவென்றால், வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவன் பேரன் இருக்கிறான். அவன் தாத்தா ஓட்டிய கட்டுமரத்தின் பெயரைத்தான் வெள்ளைக்காரன் "கேட்டமரான்" என்று கொண்டுபோனான். இன்றைக்கு ஒலிம்பிக்கில் அந்த வகைப் படகுக்கு ஒரு போட்டியே நடக்கிறது. பேரன் டெலிவரி பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறான். அவன் உடம்பில் இருக்கிற காற்றுக் கணக்கை எந்தக் கோச்சும் சொல்லிக் கொடுக்க முடியாது.

என்ன செய்யலாம்?

பெரிய மெரினா கட்டுவோம், உல்லாசப் படகு வரும், டாலர் வரும் என்கிற பேச்சு கடலோர நகரங்களில் அவ்வப்போது எழும். வரட்டும். ஆனால் முதல் செங்கல் அங்கே வைத்தால், குப்பத்து மணலில் இன்னும் நாலு அடி போகும் என்றுதான் மீனவர் பயப்படுவார். அந்தப் பயத்தில் தப்பு இல்லை. கடலோர வரைபடத்தில் மீனவர்களின் பொது இடங்களைக் குறித்துக் காட்ட வேண்டும் என்று 2011-ம் வருஷத்துக் கடலோர மண்டல அறிவிக்கையே சொல்கிறது. வலை காயும் இடமும் படகு நிற்கும் இடமும் காகிதத்தில் ஏறாதவரை, வெறும் மணல் என்றுதான் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் நினைப்பார்.

சின்னப் பாய்மரத்துக்கு மெரினாவே தேவையில்லை. வேண்டியது ஒரு சரிவு மேடை, பூட்டு போட்ட ஒரு கொட்டகை, அலை அடங்கிய தண்ணீர். கொட்டகையில் 35 கிலோ படகுகளை அலமாரி போட்டு அடுக்கிவிடலாம். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற கார்களுக்கு ஆகிற இடம் போதும், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே பழகலாம்.

முட்டுக்காட்டில் சுற்றுலாக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் இருக்கிறது. கழிமுகத் தண்ணீர், அலை கிடையாது. கடலோரச் சாலையில் பஸ் போகிறது. குடும்பத்தோடு போய் மோட்டார் படகில் ஒரு சுற்று வருகிறோமே, அந்த இடத்தில் வாரத்தில் இரண்டு நாள் காலை நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் யார் குடி முழுகும்? வடக்கே புதிதாகக் கட்டுகிற மீன்பிடித் துறைமுகங்களில் ஒரு மூலையை, அந்தந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தின் பொறுப்பில் விட்டுப் பார்க்கலாம். பைபர் படகுக்குச் சரிவு மேடை போடும்போது அதே மேடையில் பாய்மரமும் இறங்கும். தனிச் செலவு இல்லை.

வாடகை? படகின் நீளத்துக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதிப் போட வேண்டும். பிள்ளைகள் படகுக்கும் தொழில் படகுக்கும் கிடையாது. சொகுசுப் படகுக்காரர் முழுசாகக் கட்டட்டும்; அதில்தான் கொட்டகைக்கு ஓடு போட வேண்டும்.

அடுத்த தடைக்காலம் முடிகிற ஜூன் 14 ராத்திரி, நேரம் இருந்தால் காசிமேட்டுப் பக்கம் போய் வாருங்கள். டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு படகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். இரண்டு மாதமாகப் படகு மட்டும் தெரிந்த இடத்தில், விடியும்போது தண்ணீர் தெரியும்.